“மறுபடியும் நடப்பாரா?”: தண்டுவடக் காயமும் அதற்குப் பிந்திய மீட்சியும்

காலையில் மோட்டார் சைக்கிளில் வேலைக்குக் கிளம்பிய மகன், கூரையைப் பழுதுபார்க்க ஏணியில் ஏறிய தந்தை, செம்பனைக் குலை அறுக்கப் போன தொழிலாளி. ஒரு நொடியில் நேர்ந்த விபத்துக்குப் பிறகு இவர்கள் கால்களை அசைக்க முடியாமல் மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருக்கும்போது, குடும்பத்தார் மருத்துவரிடம் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “மறுபடியும் நடப்பாரா?”

அந்தக் கேள்விக்கு முதல் நாளிலேயே உறுதியான பதில் கிடைப்பது அரிது. ஆனால், அதே நாளில் கேட்க வேண்டிய வேறு கேள்விகள் உண்டு. தோலை எப்படிக் காப்பது, சிறுநீரை எப்படி வெளியேற்றுவது, பயிற்சியை எப்போது தொடங்குவது என்பவையே அவை. தண்டுவடக் காயம் அடைந்தவர் பல ஆண்டுகள் நலமாக வாழ்வதை இவற்றின் விடைகளே பெரும்பாலும் தீர்மானிக்கின்றன.

உலகெங்கும் 1 கோடியே 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தண்டுவடப் பாதிப்புடன் வாழ்வதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. சாலை விபத்து, உயரத்திலிருந்து விழுதல், வன்முறை ஆகியவை விபத்துவழிக் காயங்களுக்கு முக்கியக் காரணங்கள். மலேசியச் சாலைகளில் உயிரிழப்போரில் பெரும்பான்மையினர் மோட்டார் சைக்கிளோட்டிகளே. உயிர் பிழைப்போரில் சிலர் தண்டுவடக் காயத்துடன் வீடு திரும்புகின்றனர்.

தண்டுவடம் என்ன செய்கிறது?

முதுகெலும்பு வேறு, தண்டுவடம் வேறு. முதுகெலும்பு என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட எலும்புகள். அவற்றின் நடுவே உள்ள குழாய் போன்ற பாதையில் மூளையிலிருந்து இறங்கும் மென்மையான நரம்புத் தண்டே தண்டுவடம். ஏறக்குறைய சுண்டுவிரல் பருமனே உள்ள இந்தத் தண்டிலிருந்து 31 இணை நரம்புகள் பிரிந்து உடலெங்கும் செல்கின்றன.

கையைத் தூக்கு, காலை மடக்கு என்ற கட்டளைகள் இதன் வழியாகக் கீழே இறங்குகின்றன. சூடு, குளிர், வலி, தொடுவுணர்வு ஆகியவை இதன் வழியாக மேலே ஏறுகின்றன. சிறுநீர்ப்பை, மலக்குடல், இரத்த அழுத்தம், வியர்வை, பாலுறவு ஆகியவற்றை ஒழுங்குபடுத்தும் செய்திகளும் இதன் வழியாகவே போகின்றன. ஆகவே தண்டுவடம் அடிபட்டால் கால் அசையாமல் போவது மட்டுமே பாதிப்பு அன்று. கண்ணுக்குத் தெரியாத பல வேலைகளும் சேர்ந்தே தடைப்படுகின்றன.

எலும்பு முறிந்தாலும் தண்டுவடம் தப்பிக்கலாம். எலும்பு முறியாமலே தண்டுவடம் நசுங்குவதும் உண்டு. வயதானவர்களுக்குக் கழுத்தெலும்புப் பாதை ஏற்கெனவே குறுகியிருந்தால், குளியலறையில் வழுக்கி முகம் அடிபட விழுவதே போதும். அப்படிப்பட்டவர்களுக்குக் கால்களைவிடக் கைகளே அதிகம் பலவீனமடையக்கூடும்.

விபத்து நடந்த இடத்தில்

தண்டுவடத்துக்கு ஏற்படும் சேதம் இரண்டு கட்டங்களாக நிகழ்கிறது. முதலாவது, மோதலின்போதே ஏற்படும் நசுக்கல். இரண்டாவது, அடுத்த சில மணி நேரங்களிலும் நாள்களிலும் வீக்கம், இரத்த ஓட்டக் குறைவு, இரத்த அழுத்த வீழ்ச்சி ஆகியவற்றால் பரவும் சேதம். முதல் கட்டத்தை யாராலும் திருப்ப முடியாது. இரண்டாவதைக் குறைப்பதே சிகிச்சையின் முதல் நோக்கம். அது சாலையோரத்திலேயே தொடங்குகிறது.

கழுத்து அல்லது முதுகில் வலி, கை கால் மரத்துப் போதல், அசைக்க முடியாமை, நினைவிழப்பு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் தண்டுவடக் காயம் இருப்பதாகவே கருத வேண்டும். அடிபட்டவரைக் கைகால் பிடித்துத் தூக்கி, காரின் பின்னிருக்கையில் மடக்கி உட்காரவைத்துக் கொண்டுபோவது பேராபத்து. 999 எண்ணுக்கு அழைத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை தலையும் கழுத்தும் அசையாமல் இரு கைகளாலும் தாங்கிப் பிடித்திருப்பதே சரியான உதவி.

மூச்சுக்குத் தடையில்லாத வரை தலைக்கவசத்தை இழுத்துக் கழற்றாமல், முகத் தடுப்பை மட்டும் திறந்துவிடலாம். தீ, வெள்ளம், பாய்ந்து வரும் வாகனங்கள் போன்ற உடனடி ஆபத்து இருந்தால் மட்டுமே ஆளை நகர்த்த வேண்டும். அப்போதும் தலை, கழுத்து, உடல் மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் இருக்குமாறு பலர் சேர்ந்து நகர்த்த வேண்டும். மூச்சு நின்றுவிட்டால் உயிர்காக்கும் முதலுதவிக்கே முன்னுரிமை.

எண்ணெய் தேய்த்து உருவிவிடுவது, முதுகை ‘நெட்டி’ எடுப்பது போன்றவற்றை ஒருபோதும் செய்யக்கூடாது. விலகி நிற்கும் ஓர் எலும்புத் துண்டு, அதுவரை தப்பியிருந்த தண்டுவடத்தை அந்த ஓர் இழுப்பில் நசுக்கிவிடலாம்.

மருத்துவமனையில் முதல் நாள்கள்

அவசரப் பிரிவில் முதலில் கவனிக்கப்படுவது மூச்சும் இரத்த அழுத்தமும். கழுத்தின் மேற்பகுதியில் அடிபட்டால் மூச்சுத் தசைகள் செயலிழந்து, சுவாசக் கருவி தேவைப்படலாம். இரத்த அழுத்தம் குறையாமல் பார்த்துக்கொள்வது தண்டுவடத்துக்கு இரத்தம் போய்ச்சேர உதவுகிறது. அடுத்து, சி.டி. ஸ்கேன் எலும்பின் நிலையைக் காட்டும். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் தண்டுவடம் எவ்வளவு நசுங்கியுள்ளது என்பதைக் காட்டும்.

தண்டுவடத்தை அழுத்தும் எலும்பையோ வட்டையோ அகற்றி, ஆட்டம் கண்ட எலும்புகளைத் திருகுகளாலும் தண்டுகளாலும் பொருத்துவதே வழக்கமான அறுவை சிகிச்சை. நோயாளியின் உடல்நிலை இடம்கொடுத்தால் 24 மணி நேரத்துக்குள் செய்வது நல்லது என்பது இன்றைய மருத்துவ வழிகாட்டுதல்களின் போக்கு. இந்த அறுவை சிகிச்சை எலும்பை உறுதிப்படுத்தும்; அழுத்தத்தை நீக்கும். அறுந்த நரம்புகளைத் தைத்து இணைக்கும் அறுவை சிகிச்சை அன்று அது. இந்த வேறுபாட்டைக் குடும்பத்தார் புரிந்துகொண்டால், “ஆபரேஷன் வெற்றி என்றார்களே, ஏன் இன்னும் நடக்கவில்லை?” என்ற குழப்பம் எழாது.

ஒரு காலத்தில் பரவலாகக் கொடுக்கப்பட்ட உயர் அளவு ஸ்டீராய்டு மருந்தை இப்போது எல்லாருக்கும் வழக்கமாகக் கொடுப்பதில்லை. பலன் குறைவாகவும், தொற்று போன்ற பக்கவிளைவுகள் அதிகமாகவும் இருப்பதே காரணம்.

அசையாத கால்களில் இரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குச் சென்று அடைப்பது இந்த நாள்களின் பெரிய அபாயம். அதனால்தான் இரத்த உறைவைத் தடுக்கும் ஊசியும், கால்களுக்கு இறுக்கமான காலுறையும் தரப்படுகின்றன. ஒரு கால் மட்டும் திடீரென வீங்கினால் அதைத் தேய்த்துவிடக்கூடாது. உடனே தாதியிடம் சொல்ல வேண்டும்.

அடிபட்ட இடமும் அளவும்

பாதிப்பு எவ்வளவு என்பதை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன. ஒன்று, எந்த மட்டத்தில் அடிபட்டது. மற்றொன்று, அங்கே தண்டுவடம் முழுமையாகச் செயலிழந்ததா, ஓரளவு செயல்படுகிறதா என்பது.

கழுத்துப் பகுதியில் அடிபட்டால் கை, கால் நான்கும் பாதிக்கப்படும். கழுத்து நரம்புகள் மேலிருந்து கீழாக 1 முதல் 8 வரை எண்ணப்படுகின்றன. முதல் மூன்று மட்டங்களில் முழுக் காயம் என்றால் சுவாசக் கருவி பெரும்பாலும் நிரந்தரத் தேவையாகிவிடும். 5ஆம் மட்டம் செயல்பட்டால் முழங்கையை மடக்கலாம். 6ஆம் மட்டம் செயல்பட்டால் மணிக்கட்டை உயர்த்தலாம். அதைக் கொண்டே கரண்டியைப் பிடிக்கப் பயிற்சி தரப்படும். 7ஆம் மட்டம் செயல்பட்டால் முழங்கையை நீட்ட முடியும். அதனால் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்குத் தானே மாறும் வாய்ப்பு வருகிறது. ஒரே ஒரு மட்டத்தின் வித்தியாசம் ஒருவருடைய அன்றாட வாழ்க்கையையே மாற்றிவிடுகிறது.

நெஞ்சுப் பகுதியில் அடிபட்டால் கைகள் முழு பலத்துடன் இருக்கும், கால்கள் பாதிக்கப்படும். இவர்களில் பலர் சக்கர நாற்காலியில் பிறர் உதவியின்றி வாழ முடியும். இடுப்புப் பகுதியில் அடிபட்டவர்களில் சிலர் தாங்கிகளின் உதவியோடு நடக்கக்கூடும்.

காயத்தின் அளவைக் குறிக்க ஏ முதல் ஈ வரையிலான ஐந்து பிரிவுகள் உலகெங்கும் பயன்படுகின்றன. ஆசனவாய்ப் பகுதியில்கூட உணர்வோ அசைவோ இல்லாவிட்டால் அது ஏ. அதாவது முழுக் காயம். உணர்வு மட்டும் எஞ்சியிருந்தால் பி. ஓரளவு அசைவு இருந்தால் சி. பயன்படும் அளவுக்குத் தசை வலிமை இருந்தால் டி. முழுவதும் இயல்பு நிலைக்குத் திரும்பியது ஈ. மருத்துவரிடம் “எந்த மட்டம், எந்தப் பிரிவு?” என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்வது நல்லது. பின்னாளில் வேறு மருத்துவமனைக்குச் செல்லும்போது இந்த ஒரு வரியே பெரிதும் உதவும்.

மீட்சி எவ்வளவு, எப்போது?

அடிபட்டவுடன், காயத்துக்குக் கீழே எல்லாமே அணைந்துபோனது போன்ற ஓர் அதிர்ச்சி நிலை ஏற்படுவது உண்டு. சில நாள்களிலிருந்து சில வாரங்கள்வரை இது நீடிக்கலாம். இதனால்தான் முதல் நாளிலேயே மருத்துவர்கள் உறுதியாகப் பேசுவதில்லை. அதிர்ச்சி விலகியதும் கால்கள் தாமாகத் துள்ளத் தொடங்கலாம். குடும்பத்தார் இதைக் கண்டு “அசைவு வந்துவிட்டது” என்று மகிழ்வது இயல்பு. ஆனால், மூளையின் கட்டளை இல்லாமல் வரும் துள்ளல் தசை இறுக்கத்தின் அறிகுறி மட்டுமே. “பெருவிரலை அசை” என்று சொன்னதும் அசைந்தால்தான் அது மீட்சி.

நரம்பு வழியிலான மீட்சியின் பெரும்பகுதி முதல் 3 முதல் 6 மாதங்களில் நிகழ்கிறது. அதன் பிறகு வேகம் குறைந்து, ஓராண்டுக்கு மேலும் சிறுகச் சிறுகத் தொடரலாம். டி பிரிவில் இருப்பவர்களில் பெரும்பாலோர் நடக்கும் நிலையை எட்டுகின்றனர். சி பிரிவிலும் கணிசமானோர் எட்டுகின்றனர். ஏ பிரிவில் அந்த வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால், அவர்களுக்கும் காயத்துக்கு அருகிலுள்ள ஒன்றிரண்டு மட்டங்கள் மீளலாம். கழுத்தில் அடிபட்டவருக்கு அப்படி மீளும் ஒரு மட்டம், தன் கையாலேயே சாப்பிடும் வசதியைத் தரலாம்.

வாழ்நாளை நீட்டிய எளிய காரியங்கள்

முதலாம் உலகப் போர்க் காலத்தில் தண்டுவடம் அடிபட்ட வீரர்களில் பெரும்பாலோர் சிறுநீர்த் தொற்றாலும் படுக்கைப் புண்ணாலும் மடிந்தனர். அந்த நிலையை மாற்றியவர்களில் முதன்மையானவர் லுட்விக் குட்மன். ஜெர்மனியிலிருந்து 1939இல் பிரிட்டனில் தஞ்சம் புகுந்த யூத நரம்பியல் மருத்துவர் அவர். 1944 பிப்ரவரியில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடக் காயப் பிரிவு ஒன்றைத் தொடங்கினார்.

அங்கு அதிசய மருந்து எதுவும் இல்லை. இரவும் பகலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்கவைத்தனர். சிறுநீர்க் குழாயைத் தூய்மையாகக் கையாண்டனர். தொழிற்பயிற்சியும் விளையாட்டும் அன்றாடச் சிகிச்சையின் பகுதியாயின. 1948 ஜூலை 29ஆம் தேதி, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், அவர் நடத்திய வில்வித்தைப் போட்டியில் 16 பேர் கலந்துகொண்டனர். இன்றைய பாராலிம்பிக் போட்டிகளின் விதை அதுவே.

தமிழ்நாட்டு வேலூரிலும் இதற்கு ஒரு முன்னுதாரணம் உண்டு. அங்குள்ள கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் சாலை விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று, வேலூரில் அத்துறையை வழிநடத்தினார். 1972இல் இந்திய அரசாங்கம் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

தோலைக் காப்பது முதல் கடமை

உணர்வில்லாத தோல் வலியைச் சொல்லாது. ஒரே இடத்தில் அழுத்தம் தொடர்ந்தால் சில மணி நேரத்திலேயே திசு அழியத் தொடங்கும். புட்டம், வால் எலும்பு, இடுப்பின் பக்கவாட்டு, குதிகால் ஆகியவை அதிகம் பாதிக்கப்படும் இடங்கள்.

படுத்திருப்பவரைத் தொடக்கத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். சக்கர நாற்காலியில் இருப்பவர் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை கைகளை ஊன்றி எழும்பியோ, பக்கவாட்டில் அல்லது முன்னால் சாய்ந்தோ அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். காலையும் இரவும் கண்ணாடி கொண்டு தோலைப் பார்ப்பது பல் துலக்குவது போன்ற பழக்கமாக வேண்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தியும் அது வெளுக்காவிட்டால் அதுவே புண்ணின் முதல் படி. அந்த இடத்தில் மீண்டும் பாரம் படாமல் வைத்து, மருத்துவரிடம் காட்ட வேண்டும். சிவந்த இடத்தைத் தேய்த்துவிடக்கூடாது. நடுவில் ஓட்டையுள்ள வளையத் தலையணையும் வேண்டாம். ஓரத்தில் அது தரும் அழுத்தம் இரத்த ஓட்டத்தைத் தடுக்கும்.

நம் வீடுகளில் அன்பின் பேரால் செய்யப்படும் ஒரு தவறு சூடான ஒத்தடம். உணராத காலில் வைக்கப்படும் வெந்நீர்ப் பை, தோல் வெந்த பிறகே கண்ணில் படும். தாப்பாவ் செய்த சூடான உணவுப் பொட்டலத்தை மடியில் வைப்பதும், வெயிலில் நின்ற காரின் இருக்கையில் அப்படியே அமர்வதும் அதே போன்ற காயத்தைத் தரலாம்.

சிறுநீரும் மலமும்

சிறுநீர்ப்பை நிரம்பியதை உணராதவருக்கு, தேங்கும் சிறுநீர் தொற்றாகி, நாளடைவில் சிறுநீரகத்தையே பாதிக்கும். இதற்குப் பெரிதும் பரிந்துரைக்கப்படும் முறை, ஒரு நாளைக்கு 4 முதல் 6 முறை மெல்லிய குழாயைச் செலுத்தி, சிறுநீரை வடித்துவிட்டு, குழாயை எடுத்துவிடுவது. அமெரிக்க மருத்துவர் ஜாக் லாபிடஸ் 1972இல் இந்த முறையை வெளியிட்டார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவதே இதில் மிக முக்கியம். ஒரு தடவைக்கு 500 மில்லி லிட்டருக்கு மேல் சேரவிடாமல் நேரத்தை அமைத்துக்கொள்ள வேண்டும். கைகள் செயல்படும் பெரும்பாலோர் இதைத் தாமே கற்றுக்கொள்ள முடியும். கை செயல்படாதவர்களுக்கு நிரந்தரக் குழாய் உள்ளிட்ட வேறு வழிகள் உண்டு.

காய்ச்சல், கலங்கிய துர்நாற்றமுள்ள சிறுநீர், வழக்கத்தைவிட அதிகமான தசை இறுக்கம் ஆகியவை தொற்றின் அறிகுறிகள். ஆண்டுதோறும் சிறுநீரகத்தைப் பரிசோதித்துக்கொள்வது அவசியம்.

மலம் கழிப்பதையும் நேரத்துக்குப் பழக்கலாம். தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள், ஒரே நேரத்தில், உணவு உண்டு அரைமணி நேரத்துக்குள் முயல்வது குடலின் இயல்பான அசைவுக்கு ஒத்துப்போகும். மருத்துவர் சொல்லும் அளவுக்குத் தண்ணீர், காய்கறி, பழங்கள், தேவைப்பட்டால் ஆசனவாய் வழி மருந்து ஆகியவை இதற்குத் துணை. ஒழுங்கு படிந்துவிட்டால், வெளியில் அசிங்கப்பட நேருமோ என்ற அச்சம் குறைந்து, திருமண வீட்டுக்கும் கோயிலுக்கும் வேலைக்கும் போகும் துணிவு வரும்.

உயிருக்கு ஆபத்தான ஓர் அறிகுறி

நெஞ்சுப் பகுதியின் 6ஆம் மட்டத்திலோ அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்கு, திடீரென இரத்த அழுத்தம் எகிறும் ஓர் ஆபத்து உண்டு. மண்டையைப் பிளக்கும் தலைவலி, முகம் சிவத்தல், காயத்துக்கு மேலே மட்டும் வியர்த்தல், மூக்கடைப்பு, படபடப்பு ஆகியவை அதன் அறிகுறிகள். நிரம்பிய சிறுநீர்ப்பை, மடங்கிய குழாய், இறுகிய மலம், புண், இறுக்கமான ஆடை என உடலின் கீழ்ப்பகுதியில் உள்ள ஏதோவொரு தொந்தரவே இதைத் தூண்டும்.

உடனே ஆளை நிமிர்த்தி உட்காரவைத்து, ஆடையைத் தளர்த்தி, முதலில் சிறுநீர்ப்பையைக் கவனிக்க வேண்டும். தணியாவிட்டால் தாமதிக்காமல் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். இவர்களின் வழக்கமான இரத்த அழுத்தமே குறைவாக இருக்கும் என்பதால், மற்றவர்களுக்குச் சாதாரணமாகத் தெரியும் அளவுகூட இவர்களுக்கு அதிகமாக இருக்கலாம். இதை ஓர் அட்டையில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருப்பது நல்லது.

இவர்களுக்கு வியர்வைக் கட்டுப்பாடும் குறைவு. நம் நாட்டு நண்பகல் வெயிலில் உடல் வெப்பம் விரைவாக ஏறிவிடும். நிழல், ஈரத்துணி, தண்ணீர் ஆகியவை எப்போதும் கைவசம் இருக்க வேண்டும்.

பயிற்சியும் மனமும்

மறுவாழ்வுப் பயிற்சி தீவிரச் சிகிச்சைப் பிரிவிலேயே தொடங்க வேண்டும். மூட்டுகள் இறுகாமல் அசைத்துவிடுவது, சளியை வெளியேற்றுவது, தலை சுற்றாமல் படிப்படியாக உட்காரப் பழகுவது ஆகியவை ஆரம்ப வேலைகள். பிறகு பிசியோதெரபி எனப்படும் இயன்முறை சிகிச்சை, எஞ்சிய தசைகளை வலுப்படுத்தி, சமநிலையையும் இடம் மாறுவதையும் கற்பிக்கிறது. தொழில்வழிச் சிகிச்சை, உடுத்துதல், உண்ணுதல், கைப்பேசி இயக்குதல், வாகனமோட்டுதல் ஆகியவற்றுக்கு வழிகாட்டுகிறது.

சக்கர நாற்காலி உடலளவுக்குப் பொருந்த வேண்டும். அகலமும் உயரமும் தவறினால் தோளும் முதுகும் கெடும். வாழ்நாள் முழுவதும் கால்களின் வேலையையும் தோள்களே செய்யப்போகின்றன என்பதால், தோள்களைக் காப்பது முக்கியம்.

தசை இறுக்கத்துக்கு மருந்தும் நீட்டல் பயிற்சியும் உண்டு. உணர்வற்ற பகுதியில் எரிவது, குத்துவது போன்ற நரம்பு வலி பலருக்கு வரும். இது கற்பனை அன்று. இதற்கென்றே தனி மருந்துகள் உள்ளன.

மனச்சோர்வு இந்தக் காயத்தின் பொதுவான துணை. “எனக்கு ஏன் இப்படி?” என்ற கோபமும், குடும்பத்துக்குப் பாரமாகிவிட்டோம் என்ற எண்ணமும் பலரையும் வாட்டும். தூக்கமின்மை, சாப்பிட மறுத்தல், சாவைப் பற்றிய பேச்சு ஆகியவற்றை அலட்சியம் செய்யாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பராமரிக்கும் மனைவிக்கோ தாய்க்கோ வாரத்தில் சில மணி நேரமாவது ஓய்வு கிடைக்க உறவினர்கள் முறைவைத்து உதவுவது, பழக்கூடையுடன் நலம் விசாரிப்பதைவிடப் பெரிய உதவி.

வெட்கத்தால் கேட்கப்படாத ஒரு கேள்வி தாம்பத்தியம். பெண்களுக்கு மாதவிலக்கு சில மாதங்கள் நின்று திரும்பலாம். கருத்தரிக்கும் திறன் பொதுவாகக் குறைவதில்லை. ஆண்களுக்கு ஏற்படும் தடைகளுக்குச் சிகிச்சை உண்டு. மருத்துவ உதவியுடன் தந்தையானவர்களும் பலர். மறுவாழ்வு மருத்துவரிடம் தயங்காமல் கேட்கலாம்.

புதிய ஆய்வுகளும் போலி நம்பிக்கையும்

தண்டுவடத்தின் மேல் மின்முனைகளைப் பொருத்தித் தூண்டும் முறையால், சில நோயாளிகள் பயிற்சியுடன் நின்று சில அடிகள் எடுத்து வைத்ததை 2018இல் வெளியான ஆய்வுகள் காட்டின. 2023இல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள், மூளையின் சமிக்ஞையைக் கம்பியில்லாமல் தண்டுவடத்துக்கு அனுப்பும் கருவியின் உதவியோடு ஒருவர் நடப்பதை வெளியிட்டனர். இவை உண்மையான முன்னேற்றங்கள். ஆனால், பெரும்பாலானவை இன்னும் ஆய்வுக்கூடத்தின் எல்லைக்குள் இருக்கின்றன.

ஸ்டெம் செல் ஊசியால் நடக்கவைப்பதாகக் கூறும் விளம்பரங்கள் வேறு ரகம். தண்டுவடக் காயத்தைக் குணப்படுத்தும் என்று உறுதியாக நிரூபிக்கப்பட்ட ஸ்டெம் செல் சிகிச்சை இன்றுவரை இல்லை. வீட்டை அடகு வைத்துப் பணம் கட்டும் முன், “இது பதிவு செய்யப்பட்ட மருத்துவ ஆய்வா?” என்று அரசாங்க மருத்துவமனையின் மறுவாழ்வு மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும். முறையான ஆய்வுகளில் சோதனைச் சிகிச்சைக்காக நோயாளியிடம் பெருந்தொகை வாங்கும் வழக்கம் பொதுவாக இல்லை.

நம் நாட்டில் கிடைக்கும் உதவிகள்

சுகாதார அமைச்சின் கீழ் இயங்கும் செராஸ் மறுவாழ்வு மருத்துவமனையும், மலாயா பல்கலைக்கழக மருத்துவ மையத்தின் மறுவாழ்வுப் பிரிவும் இத்துறையில் நிபுணத்துவம் பெற்றவை. சொக்சோ சந்தாதாரர்களுக்கு மலாக்காவில் துன் ரசாக் மறுவாழ்வு மையம் உள்ளது. காயமடைந்தவர் மீண்டும் வேலைக்குத் திரும்ப உதவும் சிறப்புத் திட்டத்தையும் சொக்சோ 2007 முதல் நடத்திவருகிறது.

வேலையிடத்தில் மட்டுமல்லாமல், வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையிலான வழக்கமான பாதையில் நேரும் விபத்தும் சொக்சோவின் தொழில் பேரிடர் காப்புறுதியில் அடங்கும். வேலையுடன் தொடர்பில்லாத விபத்தாக இருந்தாலும், தகுதிக்கான சந்தா இருந்தால் இயலாமை ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கலாம். பொருள் விநியோகிப்போர், வாடகை வாகனமோட்டிகள் உள்ளிட்ட சுயதொழில் செய்வோருக்கு 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழும், இல்லத்தரசிகளுக்கு 2022ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழும் தனித்திட்டங்கள் உள்ளன. போலீஸ் புகார், மருத்துவ அறிக்கை, ரசீதுகள் அனைத்தையும் முதல் நாளிலிருந்தே ஒரு கோப்பில் சேர்த்துவைப்பது அவசியம்.

ஊழியர் சேமநிதி வாரியத்தில், வேலை செய்ய முடியாத நிலையைக் காரணம் காட்டிச் சேமிப்பை மீட்கும் வழி உண்டு. முழுத் தொகையையும் ஒரேயடியாக எடுத்துச் செலவழிக்கும் முன், வரப்போகும் ஆண்டுகளின் செலவுகளையும் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.

சமூக நலத்துறையில் பதிவு செய்து மாற்றுத் திறனாளிக்கான ஓகேயு அட்டையைப் பெறுவது மற்ற உதவிகளுக்கு நுழைவாயில். விண்ணப்பப் பாரத்தில் மருத்துவரின் உறுதிமொழி தேவை. மருத்துவமனையிலுள்ள சமூகநல அதிகாரி இதற்கு வழிகாட்டுவார்.

வீடு திரும்பும் முன்

வார்டிலிருந்து வெளியேறும் நாளுக்குள் குடும்பத்தார் கீழ்க்கண்டவற்றைக் கற்றுக்கொண்டார்களா என்று சரிபார்க்க வேண்டும்.

• நோயாளியைப் புரட்டுவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவது.
• தோலைப் பரிசோதிப்பது.
• சிறுநீர்க் குழாயைச் செலுத்துவது, மலம் கழிக்கும் நேர ஒழுங்கு.
• இரத்த அழுத்தம் எகிறினால் செய்ய வேண்டியவை.
• மருந்துகளின் பெயர், நேரம், நிறுத்தக்கூடாதவை எவை.
• அடுத்த சிகிச்சை நாள், அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண்.

வீட்டில் வாசல்படிக்குச் சாய்தளம், குளியலறைக்கு அகலமான கதவு, உட்காரும் கழிப்பறை, கைப்பிடி ஆகியவை தேவைப்படும். தாமான் வீடுகளில் கீழ்த்தள அறை ஒன்றை ஒதுக்கினாலே பாதிப் பிரச்சினை தீரும். சமையலறை மூலையில் முடக்கிவைக்காமல், வீட்டார் பேசிச் சிரிக்கும் இடத்துக்கு அருகில் அந்த அறை இருப்பது நல்லது.

“மறுபடியும் நடப்பாரா?” என்ற கேள்விக்குச் சிலருக்கு ‘ஆம்’ என்றும், சிலருக்கு ‘இல்லை’ என்றும் பதில் வரும். எந்தப் பதில் வந்தாலும், வேலைக்குப் போவது, பிள்ளைகளின் படிப்பைக் கவனிப்பது, தீபாவளிக்கு உறவினர் வீடு செல்வது ஆகியவற்றுக்குச் சக்கர நாற்காலி தடையாக இருக்க வேண்டியதில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிய கைகளும், கழுவிய கைகளால் நேரம் தவறாமல் செலுத்திய குழாயுமே அந்த வாழ்க்கைக்கு அடித்தளம்.